நெத்தலியோடு வந்த நட்சத்திர மீன்

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. நான் முதலில் பார்த்தது சுளகை. அந்த முறத்தில் கால் கிலோ நெத்தலிக் கருவாடு பரப்பியிருந்தது. சுளகின் இடது ஓரத்தில், மீன்களிலிருந்து ஒதுக்கி வைத்தது போல, ஐந்து கைகளுடன் ஏதோ ஒன்று தனியாகக் கிடந்தது. பத்து ரூபாய் நாணயக் குற்றியை விடச் சற்றுப் பெரியது. சாம்பல் கலந்த பழுப்பு நிறம். ஒரு கையின் நுனி உடைந்திருந்தது.

இடம், லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக அமைந்த பத்துக் காம்பரா லயம், வலப்பக்கத்திலிருந்து நான்காவது வீடு, குசினி. கண்டெடுத்தவர் என் அண்ணன் மனைவி. நான் இரண்டாவதாகப் பார்த்தவன்.

இந்த விவரங்கள் எல்லாம் சரியானவை. பத்திரிகையில் அச்சானவை வேறு.

இருபத்திரண்டு வருடங்களாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கிறேன். முதல் பதினான்கு வருடங்கள் கொழும்பில் உதவி ஆசிரியர். இப்போது பதுளையில் இருந்துகொண்டு மாவட்டச் செய்திகளை அனுப்புகிறேன். அத்தோடு மாணவர் பக்கத்துக்கு வாரம் ஒரு பத்தி எழுதுகிறேன். ஏதாவது ஓர் உயிரினத்தையோ செடியையோ எடுத்துக்கொண்டு அது எப்படி இருக்கும், எங்கே இருக்கும் என்று ஐந்நூறு சொற்களில் சொல்லும் பத்தி. கொழும்பு மேசையில் இருந்த காலத்தில், யாராவது நிருபர் ‘காலையில் விபத்து’ என்று எழுதி அனுப்பினால், தொலைபேசியில் கூப்பிட்டு எத்தனை மணிக்கு என்று கேட்பேன். ‘ஏழு மணி இருக்கும் சேர்’ என்பார். இருக்கும் என்றால் யார் சொன்னது என்று கேட்பேன். பார்த்தவர் யார், எங்கே நின்று பார்த்தார், எத்தனை மணி. இந்த மூன்றும் இல்லாத செய்தியை நான் பக்கத்தில் ஏற்றியதில்லை. அதற்காக என்னை வெறுத்தவர்கள் உண்டு. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

மதினிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நெத்தலி ஆய நேரம் கிடைக்கும். மற்ற நாட்களில் காலை ஆறரைக்கெல்லாம், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பிறகு மாலை வரை கொழுந்து. அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வீட்டில் மதினியும் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் மட்டும். நான் மாதத்தில் ஒரு ஞாயிறு பதுளையிலிருந்து பஸ் ஏறிப் போய் வருவேன்.

“தம்பி, வாங்க. இன்னைக்கு ஒன்னு வந்திருக்கு,” என்றார் மதினி. கையை எடுக்காமல், தலையால் சுளகின் ஓரத்தைக் காட்டினார்.

“என்னா மதினி அது?”

“நீங்கதானே பேப்பர்காரரு. நீங்க சொல்லுங்க.”

“நட்சத்திர மீன்.”

“அது எனக்கும் தெரியும். என்னா சாதின்னு கேக்குறேன்.”

எனக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல், பிளேன்டீயைக் குடித்தேன்.

மதினி கையைக் கழுவிவிட்டு, அடுப்புக்கு மேலே உள்ள பலகையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். மூடியைத் திறந்ததும் கருவாட்டு வாசம் வந்தது. உள்ளே பஞ்சு விரித்து, அதன்மேல் காய்ந்த நட்சத்திர மீன்கள் பதினொன்று இருந்தன. ஒரு கடற்குதிரை, கட்டைவிரல் நகம் அளவு நண்டு ஒன்று, சில சிப்பிகள். ஒவ்வொரு நட்சத்திர மீனுக்குக் கீழும் ஒரு துண்டுக் காகிதம். மகளின் கையெழுத்தில் மாதம் எழுதியிருந்தது. சித்திரை. வைகாசி. ஆடி. ஆடி. ஆவணி.

“மார்கழி, தையில வரவே வராது,” என்றார். “லுணுகலையில நாநாகிட்ட கேட்டேன். அந்த மாசத்துல வேற பக்கத்துச் சரக்காம். இல்லாட்டி தாய்லாந்து நெத்தலி. தாய்லாந்து நெத்தலில ஒரு மண்ணும் இருக்காது தம்பி. கழுவி வச்ச மாதிரி இருக்கும். பொத்துவில் பக்கத்துச் சரக்குலதான் இந்த அஞ்சு வெரலு வருது.”

நாநா என்பது கருவாட்டுக் கடை முதலாளி. அஞ்சு வெரலு என்பது மதினி வைத்த பெயர்.

பிறகு மகளின் விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். பக்கம் தெரிந்தே திறந்தார். ஒரு நட்சத்திர மீனின் அடிப்பக்கப் படம். குழாய்க் கால்களின் நுனியில் சின்னச் சின்ன உறிஞ்சிகள் வரையப்பட்டிருந்தன.

“இதுல பாருங்க. கிண்ணம் கிண்ணமா இருக்கும், கல்லப் புடிச்சுக்கும்னு போட்டிருக்கு. நம்ம ஆளுகிட்ட கிண்ணம் எங்க இருக்கு? எல்லாம் ஊசி மாதிரியில்ல இருக்கு.”

“காஞ்சு போனதால அப்படித் தெரியும்,” என்றேன். பார்க்காமலே சொன்னேன்.

“நான் ஊறப்போட்டுப் பார்த்தேன்.”

சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, தையல் ஊசியால் அடிப்பள்ளத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். அப்போது வயிற்றை அமுக்கியதில் மூன்று சிப்பிகள் வெளியே வந்தனவாம். அவற்றை மாத்திரை வரும் பிளாஸ்டிக் உறையொன்றில் வைத்திருந்தார். கடுகைவிடப் பெரியவை, மிளகைவிடச் சிறியவை. ஒன்றுகூட உடையவில்லை.

“புத்தகத்துல என்னா இருக்கு? ஓட்டப் பொளந்து திங்கும்னு. இவன் அப்படியே வாயில போட்டுக்கிறான். நம்ம பெரிய கங்காணி கல்யாண வீட்டுல வடை திங்கிற மாதிரி.”

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

“வயித்துல மண்ணு இருந்துச்சு தம்பி. பள்ளத்துலயும் மண்ணு. கல்லுல இருக்குற சாதின்னா புடிச்சுக்க கிண்ணம் வேணும்ல. இது மண்ணுக்குள்ள பொதைஞ்சு கெடக்குற சாதி. வலை மண்ண வழிச்சுக்கிட்டு வருது பாருங்க, அப்ப நெத்தலியோட மாட்டிக்குது.”

மதினி கடலைப் பார்த்தது ஒரே தடவை. கதிர்காமம் போய்த் திரும்பும்போது, லொறியை கிரிந்தைக் கடற்கரையில் பத்து நிமிடம் நிறுத்தியிருக்கிறார்கள். இருட்டத் தொடங்கியிருந்ததாம். கரைவலை இழுப்பதை அவர் பார்த்ததில்லை. அதைப் பற்றி நாநாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

லயத்தில் அவருக்கு ‘கருவாட்டு டாக்டர்’ என்று பெயர். பக்கத்து வீட்டுப் பெண் அன்றும் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று, “என்னா டாக்டரம்மா, இன்னைக்கு எத்தனை பொணம் அறுத்தீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். மதினி அதற்குச் சிரித்தார். ஆனால் மகள் ஒருமுறை அந்த டின்னைப் பாடசாலைக்குக் கொண்டுபோனபோது, விஞ்ஞான டீச்சர் மூடியைத் திறந்து, மூக்கைச் சுளித்து, “கடைக் கருவாட்டுல வர்றதையெல்லாம் மாதிரின்னு வைக்க ஏலாது” என்று திருப்பி அனுப்பியதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

நான் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மதினி அதை ஒரு மருந்துப் பெட்டிக்குள் பஞ்சு வைத்துத் தந்தார். மூன்று சிப்பிகளையும் தந்தார்.

“எழுதப் போறீங்களா?”

“பார்க்கிறேன்.”

“எழுதினா, லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துல கொழுந்து எடுக்குற ஒரு பொம்பள பார்த்துச்சுன்னு போடுங்க தம்பி. பேரு வேணாம். அது போதும். புள்ள கிளாஸ்ல காட்டிக்கும்.”

சரி என்றேன். நான் சொன்ன சொல் அதுதான். குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் வைத்தேன்: ‘லுணுகலை. கொ. எ. பெண். பெயர் வேண்டாம்.’ அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

பதுளையில் மூன்று மாலைகள் செலவழித்தேன். கையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, இரவல் வாங்கிய ஒரு கடலோர உயிரினக் கையேடு. மேற்பரப்பில் முள்ளோ குமிழோ இல்லை. நுண்ணிய குருணை பதித்தது போல ஒரே சீராக இருந்தது. ஆகவே கடற்புல்லில் வாழும், சிவப்புக் குமிழ்கள் உள்ள பெரிய வகை இல்லை. கைகளின் இரண்டு ஓரங்களிலும் சதுரத் தட்டுகள் மணி கோத்தது போல வரிசையாக ஓடின. அவற்றுக்குக் கீழிருந்து தட்டையான முட்கள் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன, சீப்பின் பற்கள் மாதிரி. ஆகவே பவளப்பாறைகளில் காணும், உருண்டைக் கைகள் உள்ள நீல வகையும் இல்லை. குழாய்க் கால்களின் நுனிகள் கூராக இருந்தன. உறிஞ்சிகள் இல்லை.

கையேட்டில் அது இருந்தது. மணல் நட்சத்திரம், அல்லது சீப்பு நட்சத்திரம். இலத்தீனில் அஸ்ட்ரோபெக்டென் இண்டிகஸ். நம் கடல்களில் சாதாரணமாகக் காணப்படுவது. வற்று நீர்மட்டத்துக்குக் கீழே, அலை பின்வாங்கினாலும் தண்ணீர் மூடியே இருக்கும் மணலுக்குள் புதைந்து வாழும். சிறு சிப்பிகளை முழுதாக விழுங்கும். ஓடுகளைப் பிறகு வாய்வழியாகவே வெளியே தள்ளும். புகைப்படம் எடுத்து, கிழக்கு மாகாணத்தில் விலங்கியல் படிப்பிக்கும் ஒரு விரிவுரையாளருக்கு அனுப்பினேன். இனம் அதுவாகவே இருக்க வேண்டும், பேரினத்தில் சந்தேகமே இல்லை என்று பதில் வந்தது. உறிஞ்சி இல்லாததை எப்படிக் கவனித்தீர்கள், நல்ல கண் என்றும் எழுதியிருந்தார். நன்றி என்று பதில் அனுப்பினேன்.

மதினி சொன்னதில் ஒன்றுகூடப் பிழையில்லை. கையேட்டில் இருந்து நான் புதிதாகச் சேர்த்தது அதன் பெயரை மட்டும்.

புதன்கிழமை மாலை பத்தியை எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது: ‘லுணுகலையில் ஒரு லயத்துக் குசினியில், நெத்தலிக் கருவாட்டுக்குள்…’ அதை வாசித்தேன். அழித்தேன்.

காரணம் எனக்குத் தெரியும். கொழும்பில் சேர்ந்த முதல் வருடம், அம்மா ஒரு பொதியில் நெத்தலி வறுத்துக் கொடுத்து அனுப்பியிருந்தார். அதை மேசைக்கு அடியில் வைத்திருந்தேன். பகல் பதினொரு மணிபோல யாரோ, “இது எங்க இருந்து வருது இந்த நாத்தம்?” என்று கேட்டார். நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். வெளியிலிருந்து வருகிறது போல என்றும் சொன்னேன். அன்று மாலை பொதியை பஸ் நிலையத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதற்குப் பிறகு யார் ஊர் கேட்டாலும் பதுளை என்பேன். எந்தத் தோட்டம் என்று அடுத்த கேள்வி வராதபடி பேச்சை வேறு பக்கம் திருப்பத் தெரிந்துகொண்டேன். நாற்பத்தைந்து வயதாகிறது. கொழும்பு மேசையில் இப்போது இருப்பவர்களில் பாதிப் பேர் என்னைவிட இளையவர்கள், என் ஊரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இருந்தும் அந்த வரியை அழித்தேன்.

அச்சானது இது: ‘காலை ஆறு மணி பத்து நிமிடம். பொத்துவில் கரையில், பாறைகளுக்குத் தெற்கே, அலை பின்வாங்கிய ஈர மணலில் நட்சத்திர வடிவில் ஒரு மேட்டைக் கண்டேன்.’

பொத்துவிலுக்கு நான் அதுவரை இரண்டு தடவை போயிருந்தேன். இரண்டும் பகலில், செய்திக்காக. கரையில் நின்றதில்லை. ஊசிக் கால்கள், முழுதாக விழுங்கிய மூன்று சிப்பிகள், வயிற்று மண், பாடப்புத்தகப் படத்தோடு ஒப்பிட்டது எல்லாவற்றையும் எழுதினேன். எல்லாவற்றுக்கும் எழுவாய் ‘நான்’. ‘கண்டேன்’, ‘பிரித்துப் பார்த்தேன்’, ‘வியந்தேன்’. ஆறு பத்து என்ற நேரம் எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தேன். துல்லியமான நேரம் இருந்தால் வாசகர் நம்புவார். அதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

அடுத்த மாதம் போனபோது மதினி ஒன்றும் கேட்கவில்லை. ரொட்டியும் சம்பலும் வைத்தார். மகள்தான், “சித்தப்பா, நான் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன்,” என்றாள். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“நல்லா எழுதியிருந்தீங்க தம்பி,” என்றார் மதினி. “கடல் காத்து எல்லாம் வந்துச்சு.”

“அது… பத்திக்கு ஒரு தொடக்கம் வேணும் மதினி.”

“ஆமா. வேணும்தானே.”

அவ்வளவுதான். எனக்கு இன்னொரு ரொட்டி வைத்தார்.

ஆகஸ்ட் விடுமுறைக்கு முன்னர் டீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். மகளின் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவர், டின்னைத் திருப்பி அனுப்பியவர். பத்தியை வகுப்பில் வாசித்தாராம். விஞ்ஞானக் கழகப் பிள்ளைகளைப் பொத்துவிலுக்குக் கூட்டிப் போகிறார்கள். அந்த இடத்தைக் காட்டித் தர நான் வர வேண்டும். “எங்க தோட்டத்துப் பக்கத்து ஆள் ஒருத்தர் இப்படி எழுதுறது எங்களுக்குப் பெருமை சேர்,” என்றார். வர முடியாது என்று சொல்லியிருக்கலாம். வருகிறேன் என்றேன்.

விடியற்காலை பஸ் புறப்பட்டது. பிபிலைக்கு இறங்கி, மொணராகலை, சியம்பலாண்டுவை வழியாகப் போனோம். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், டீச்சர், சமைத்துக் கொடுக்க நான்கு தாய்மார். நால்வரில் ஒருவர் மதினி. பின்சீட்டில் சோற்றுப் பார்சல்களுக்குப் பக்கத்தில் இருந்தார். கரையில் இறங்கியபோது எட்டரை.

“சேர், நீங்க எழுதின இடம் இதுதானா?” என்று டீச்சர் கேட்டார். கையில் என் பத்தியை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

தெற்கே பார்த்தேன். தூரத்தில் ஒரு பாறைக் கூட்டம் தெரிந்தது. நல்ல வேளை, பாறை இருந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

“இன்னும் கொஞ்சம் அங்கால,” என்றேன்.

பிள்ளைகள் வரிசையாகக் குந்திக்கொண்டு ஈர மணலைப் பார்த்தார்கள். மேடு தெரிந்த இடமெல்லாம் தோண்டினார்கள். நண்டுகள் வந்தன. ஒரு செருப்பு வந்தது. அலை வந்து பாதிப் பேரை நனைத்தது. வற்று நீர்மட்டத்துக்குக் கீழே வாழ்வது இந்த இடத்தில் கிடைக்காது என்பது அங்கிருந்தவர்களில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் நான். மற்றவர் தென்னை நிழலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“சேர் பார்த்தது கடைசி ஒன்னு போல,” என்றான் ஒருவன்.

“இல்லடா, நட்சத்திரம் பகல்ல தெரியாது. ஆறு பத்துக்கு வரணும்,” என்றான் இன்னொருவன்.

சிரித்தார்கள். டீச்சர் அதட்டினார். என்னிடம், “பரவாயில்ல சேர், இயற்கைதானே,” என்றார். ஒன்றரை மணி நேரம் தேடினார்கள்.

பத்தேகாலுக்கு வடக்குப் பக்கமாகக் கரைவலையை இழுத்து முடித்தார்கள். பிள்ளைகள் பார்க்க ஓடினார்கள். வலையின் மடியைப் பிரித்து, நெத்தலியைக் கூடைகளில் அள்ளியதும், மணலில் மிச்சம் ஒரு குவியல் கிடந்தது. பாசி, சிறு நண்டுகள், பேத்தை மீன் இரண்டு, குச்சிகள். காகங்கள் வந்தன.

மதினி எழுந்து போனார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தக் குவியலுக்கு முன்னால் குந்தினார். சுளகுக்கு முன்னால் உட்காருவது போலவே உட்கார்ந்தார். இரண்டு விரல்களால் பாசியை விலக்கி விலக்கிப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

“ஐஸ்கிரீம் டப்பா ஒன்னு இருந்துச்சே. அதுல மண்ணு போட்டு, தண்ணி மொண்டுக்கிட்டு வா.”

உயிருடன் பார்த்தபோது நிறம் வேறாக இருந்தது. பசுமை கலந்த சாம்பல், கைகளின் நடுவில் கருமை. டப்பாவில் விட்டதும் முதலில் அசையாமல் கிடந்தது. பிறகு கைகளின் ஓரங்களில் மணல் துகள் துகளாக மேலே ஏறியது. அது எங்கும் நகரவில்லை. இருந்த இடத்திலேயே, தட்டையாக, கீழே இறங்கியது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடத்துக்குள் மணலில் நட்சத்திர வடிவக் கோடு மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

“அக்கா, எப்படி அங்க போய்ப் பார்க்கணும்னு தோணுச்சு ஒங்களுக்கு?” என்று டீச்சர் கேட்டார்.

மதினி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் பேசுவதற்குப் போதுமான நேரம் இருந்தது. ‘அவர் பார்த்தார் டீச்சர், லயத்தில், சுளகில், எனக்கு முன்பே.’ இந்த வாக்கியம் எனக்குள் முழுதாகத் தயாராக இருந்தது. திருத்த வேண்டிய ஒரு சொல்லும் அதில் இல்லை.

“தம்பி எழுதியிருந்தாங்கல்ல டீச்சர்,” என்றார் மதினி. “மண்ணுக்குள்ள இருக்கும்னு. வலை மண்ண வழிச்சுக்கிட்டுத்தானே வருது.”

“அம்மா,” என்றாள் மகள்.

“நீ போய் வேற தண்ணி மொண்டுக்கிட்டு வா.”

கூடை தூக்க வந்த சம்மாட்டி, வலையின் சொந்தக்காரர், எட்டிப் பார்த்தார். “இதுவா? இது கழிவு தங்கச்சி. நெத்தலியோட சேர்ந்து காஞ்சு போயிரும். ஒங்கட மலைப் பக்கத்துக்கும் வருமே, கருவாட்டோட. கண்டதில்லையா?”

டீச்சர் அவரைப் பார்த்தார். பிறகு மதினியை. பிறகு என்னை.

“சில நேரம் கருவாட்டிலும் வரும்,” என்றேன் நான். வகுப்பில் பாடம் சொல்வது போல. பிள்ளைகளில் சிலர் அதைக் கொப்பியில் எழுதினார்கள்.

திரும்பும்போது மதினிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. மொணராகலை தாண்டும் வரை நான் முன்னால் நின்றுகொண்டே வந்தேன். பிறகு போய் உட்கார்ந்தேன். அவர் தோடம்பழம் ஒன்றை உரித்து, பாதியை எனக்குத் தந்தார்.

“தம்பி, ஒன்னு கேக்கவா?”

“கேளுங்க மதினி.”

“அந்த ஆறு பத்து. அது ஏன்?”

“சும்மா போட்டது.”

“இல்ல, ஆறு பத்துக்கு நான் சாக்கு கட்டிக்கிட்டு பெரட்டுக்கு எறங்குற நேரம். புள்ள வாசிச்சப்ப அதான் நெனச்சேன். நான் எறங்குற நேரத்துல நீங்க கடல்ல நிக்கிறீங்களேன்னு.”

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. சோற்றுப் பாத்திரங்கள் இடித்துக்கொண்டன.

“கொழும்புல வாசிக்கிறவங்க இருக்காங்க மதினி,” என்றேன். “கருவாடு, லயம்னு எழுதினா…”

“கொழும்புல கருவாடு திங்க மாட்டாங்களா தம்பி?”

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார். அவர் தோல்களைப் பொறுக்கி ஒரு பையில் போட்டு, ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டார். லுணுகலை வரும் வரை தூங்கினாரா இல்லையா என்று தெரியாது. கண்கள் மூடியிருந்தன.

திருத்தம் எழுதுவது எனக்குப் பழகிய வேலை. மற்றவர்களின் பிழைகளுக்கு எத்தனையோ எழுதியிருக்கிறேன். ‘கடந்த வாரம் இப்பத்தியில் வெளியான’ என்று தொடங்கி, பிழையைச் சொல்லி, சரியானதைச் சொல்லி, ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று முடிக்க வேண்டும். அந்த வாரமே தட்டச்சு செய்தேன். நான்கு வரிகள். கணினியில் இருக்கிறது. அனுப்பவில்லை.

புரட்டாசியில் போனபோது மதினி நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தார். சுளகின் ஓரத்தில் ஒன்றும் இல்லை. பிஸ்கட் டின் அடுப்புப் பலகையில்தான் இருந்தது. தேநீருக்குச் சீனி போட அதைத்தான் திறந்தார்.

“அதெல்லாம் எங்க மதினி?”

“எலி வந்துச்சு தம்பி. வீசிட்டேன்.”

பக்கத்து வீட்டுப் பெண் இஸ்தோப்பில் எட்டிப் பார்த்து, “டாக்டரம்மா, ஆஸ்பத்திரிய மூடிட்டீங்களாமே,” என்றார். மதினி அதற்கும் சிரித்தார்.

நவம்பரில் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி. டீச்சர் என்னைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார். மாலை போட்டார்கள். நாடாவை வெட்டினேன். முதல் மேசையில், வெள்ளைத் துணி விரித்து, நடுவில் ஒரு கண்ணாடிப் போத்தல். அதற்குள் பொத்துவிலில் மதினி எடுத்தது, ஸ்பிரிட்டில் மிதந்தது. பின்னால் சட்டம் போட்டு என் பத்தி. போத்தலுக்குப் பக்கத்தில் மதினியின் மகள் நின்றாள். விளக்கம் சொல்லும் முறை அவளுடையது. ஊசிக் கால்கள், சீப்பு முட்கள், முழுதாக விழுங்கும் சிப்பிகள் எல்லாவற்றையும் ஒரு பிழையில்லாமல் சொன்னாள். என்னைப் பார்க்காமல் போத்தலைப் பார்த்துச் சொன்னாள். சொல்லி முடித்ததும் கூட்டம் அடுத்த மேசைக்குப் போனது. நானும் அவளும் சிறிது நேரம் தனியாக நின்றோம். என் சட்டைப் பையில் பேனா இருந்தது.

போத்தலில் ஒட்டிய சீட்டில் டீச்சரின் கையெழுத்தில் நான்கு வரிகள் உள்ளன. பெயர்: மணல் நட்சத்திரம். இடம்: பொத்துவில் கரை. சேகரித்தவர் என்ற வரியில் என் பெயர். நேரம்: காலை 6.10.